பாடலில் கோடி, கஞ்சாவில் நட்டம்: பணம் எங்கே போய்ச் சேர்கிறது?

அமெரிக்காவைப் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று: "திறமை இருந்தால் போதும், இன்று இணையம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பாடிக் கோடீஸ்வரர் ஆகலாம்." மற்றொன்று: "அங்கே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள், பயிரிட்டவர்களுக்கு இனிப் பணமழைதான்." இரண்டையும் நம்பிக்கையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடந்தது வேறு. இணையம் வந்த பிறகும் பாப் இசையில் பணம் சிலர் கையிலேயே குவிந்து கிடக்கிறது. கஞ்சா சட்டபூர்வமான மாநிலங்களில் விலை சரிந்து, பயிரிட்டவர்கள் பலர் தொழிலை விட்டே போனார்கள்.

பாட்டுக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே கேள்வியில் வந்து சந்திக்கின்றன. அரிதாக இருந்த ஒரு பொருள் திடீரென்று எளிதாக, மலிவாகக் கிடைக்கத் தொடங்கினால், அதுவரை அதில் புழங்கிய பணம் எங்கே போகும்? இசையில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தொழில்நுட்பம். கஞ்சாவில் கொண்டுவந்தது சட்டம். கேள்வி ஒன்றாக இருந்தும் விடை இரண்டு விதமாக வந்தது ஏன் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. கஞ்சா நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள்ளும் நான் போகவில்லை. ஓரிடத்தில் மட்டும் உடல்நலம் கணக்கோடு பின்னிக் கிடக்கிறது. அங்கே என் கவலையைச் சொல்கிறேன்.

முடிதிருத்துபவரும் பாடகரும்

மிகத் திறமையான முடிதிருத்துபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இணையாக உலகத்திலேயே ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு தலைக்குத்தான் அவர் கத்தரி வைக்க முடியும். நாளெல்லாம் நின்றாலும் இருபது, முப்பது பேர். மீதிப் பேர் அடுத்தவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். அதனால் சுமாரானவர்களும் பிழைக்கிறார்கள். முதலாமவருக்கும் நூறாமவருக்கும் வருமானத்தில் வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது.

ஒலிப்பதிவு வருவதற்கு முன் பாடகர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். குரல் எட்டும் தூரம்தான் சந்தை. லண்டன் ஓபரா பாடகி எலிசபெத் பில்லிங்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பருவத்தில் 10,000 பவுண்டு ஈட்டியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை. பிற்பாடு ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் அதைக் குறிப்பிட்டு, மனிதக் குரல் எட்டக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும்வரை இன்னொரு பாடகர் அந்தத் தொகையைத் தாண்டுவது கடினம் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் மிகச் சரி. அந்த வரம்புதான் உடைந்துபோனது.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இசைத்தட்டும் வானொலியும்தான் இசை உலகத்துக்கு வந்த ஆலை. அதுவரை ஒவ்வோர் ஊரிலும் ஓரளவு நன்றாகப் பாடுபவருக்கு ஒரு மேடை இருந்தது, கேட்க ஆள் இருந்தது. இசைத்தட்டு வந்ததும் உலகத்தின் மிகச்சிறந்த குரல் அதே விலையில் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்புறம் இரண்டாவது இடத்தில் இருப்பவரை எதற்காகக் கேட்க வேண்டும்?

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. ஏற்கெனவே செய்த பொருளை இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்ய ஆகும் செலவுக்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். முடி திருத்துவதில் இது ஒவ்வொரு தலைக்கும் அரைமணி நேர உழைப்பு. பாட்டில், முதல் பிரதிக்கு ஆகும் செலவு பெரிது. ஸ்டுடியோ, இசைக்கருவிகள், மாதக்கணக்கில் உழைப்பு. ஆனால் அதே பாட்டைப் பத்து லட்சத்து ஒன்றாவது ஆளுக்கு அனுப்ப ஆகும் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981-இல் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். இறுதிநிலைச் செலவு பூஜ்யத்தை நெருங்க வேண்டும். கூடவே, சுமாரான பத்துப் பாட்டைச் சேர்த்துவைத்தாலும் ஒரு நல்ல பாட்டுக்கு ஈடாகக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால், திறமையில் ஒரு நூலிழை வித்தியாசம்கூட வருமானத்தில் பல நூறு மடங்கு வித்தியாசமாக வெடிக்கும். இதைத்தான் சூப்பர்ஸ்டார் விளைவு என்கிறார்கள்.

இணையம் எல்லோருக்கும் கதவைத் திறந்தது என்பது உண்மை. ஆனால் உச்சியில் இருப்பவருக்கும் அதே கதவுதான் திறந்தது, அதுவும் உலகம் முழுக்க. இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கும்

சரி, அந்த உச்சிக்கு யார் போவார்கள் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிக்கிறதா? இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் செய்து 2006-இல் வெளியிட்டது.

அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். பாட்டைக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம், பிடித்தால் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். அவரவர் காதை நம்பித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். அங்கே ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் அதே உலகத்தைச் சேர்ந்தவர்கள் அதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற எண் தெரியும். ஓர் உலகத்தின் எண் இன்னோர் உலகத்துக்குத் தெரியாது. எட்டு உலகங்களிலும் பாட்டுகள் அதே 48, தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் எண் பூஜ்யம்.

திறமைதான் எல்லாம் என்றால் எட்டிலும் ஒரே பாட்டு முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாருடைய எண்ணையும் பார்க்காமல் கேட்டவர்கள் 26-வது இடத்தில் வைத்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40-வது இடத்தில் கிடந்தது. பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. முதலில் வந்த சிலர் எதைத் தட்டினார்கள் என்பது மட்டும் மாறியது. அவர்கள் தட்டியதால் எண் கூடியது, எண் கூடியதால் அடுத்தவர் கேட்டார், அவர் கேட்டதால் எண் இன்னும் கூடியது. கூட்டம் நிற்கும் இடத்தில்தானே நாமும் எட்டிப் பார்க்கிறோம்.

இதை வைத்து எல்லாமே அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை மேலே வந்ததும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. ஆக, தகுதி ஒருவரை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. உள்ளே போகப் போவது யார் என்பதில் தற்செயலுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. பாடும் பிள்ளைகளிடம் "நீ தோற்றால் உன் திறமை போதவில்லை" என்று சொல்பவர்களுக்கு இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எண் கூடினால் பாட்டு ஓடும் என்று தெரிந்ததும், எண்ணைக் காசு கொடுத்துக் கூட்டும் வழக்கமும் வந்துவிட்டது. 1950-களில் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களுக்கு இசைத்தட்டு நிறுவனங்கள் கொடுத்த லஞ்சத்துக்குப் பேயோலா என்றே பெயர். நேயர்களுக்குச் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவது 1960-இல் சட்டப்படி குற்றமானது.

பத்து லட்சம் முறை கேட்டால் எவ்வளவு?

"என் பாட்டைப் பத்து லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள்" என்றால் அவர் பணக்காரர் என்று நினைக்கிறோம். ஸ்ட்ரீமிங் கணக்கு அப்படிப் போவதில்லை. ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஒரு பானையில் விழுகிறது. அந்த மாதம் எல்லோரும் கேட்டவற்றில் உங்கள் பாட்டு எத்தனை சதவீதமோ, பானையில் அத்தனை சதவீதம் உங்கள் பாட்டின் உரிமையாளருக்குப் போகும்.

சின்னக் கணக்காகப் பார்ப்போம். மூன்று பேர் ஆளுக்கு 10 டாலர் சந்தா கட்டுகிறார்கள். பானையில் 20 டாலர். முதல் ஆள் ஒரு நட்சத்திரப் பாடகியின் பாட்டுகளை நாள் முழுக்க ஓடவிட்டு 800 முறை கேட்கிறார். இரண்டாமவரும் அதே பாடகியை 180 முறை. மூன்றாமவர் பெயர் தெரியாத ஒரு பாடகரை மட்டும் 20 முறை கேட்கிறார், வேறு யாரையும் கேட்கவில்லை. மொத்தம் 1,000. அந்தப் பாடகருக்கு 2 சதவீதம், அதாவது 40 சென்ட். அவருக்காகவே ஒருவர் 10 டாலர் கட்டியும் அதில் பெரும்பகுதி அவர் கேட்காத நட்சத்திரத்துக்குப் போய்விட்டது. பெரும்பாலான ஸ்ட்ரீமிங் சேவைகளில் இருப்பது இந்த முறைதான்.

நடைமுறையில் பத்து லட்சம் முறைக்குப் பொதுவாக 3,000 முதல் 5,000 டாலர் வரும். அதுவும் பாடகர் கைக்கு நேராக வராது. இசைப்பதிவு நிறுவனம் கொடுத்த முன்பணத்தைப் பாடகர் தன் பங்கிலிருந்து அடைக்க வேண்டும். முன்பணம் ஒரு லட்சம் டாலர், பாடகரின் பங்கு 20 சதவீதம் என்றால், பதிவு 5 லட்சம் டாலர் ஈட்டிய பிறகுதான் பாடகருக்கு அடுத்த டாலர் வரும். லூமினேட் என்ற கணக்கெடுப்பு நிறுவனம் 2023 முடிவில் சேவைகளில் சுமார் 18.4 கோடிப் பதிவுகள் இருந்ததாகக் கணக்கிட்டது. அவற்றில் 4.5 கோடிக்கும் மேற்பட்டவற்றை அந்த ஆண்டு ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்படியானால் நட்சத்திரங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பிரதி எடுக்க முடியாத ஒன்றிலிருந்து. 1999-இல், பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்க ஒலிப்பதிவுத் துறையின் வருமானம் சுமார் 1,460 கோடி டாலர். 2014-இல் அது 700 கோடிக்கும் கீழே போயிருந்தது. இது நடக்கும் என்று பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 2002-லேயே உணர்ந்திருந்தார். இசை குழாய்த் தண்ணீர் போல, மின்சாரம் போல ஆகிவிடும், ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்யத் தயாராகிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சக கலைஞர்களிடம் சொன்னார். பாட்டு மலிந்தது, அதைப் பாடுபவரை நேரில் பார்க்கும் இருக்கை மலியவில்லை. பொருளியலாளர் ஆலன் க்ரூகர் சொன்ன கணக்குப்படி, அமெரிக்கக் கச்சேரி வருமானத்தில் உச்சியிலிருக்கும் 1 சதவீதக் கலைஞர்களின் பங்கு 1982-இல் 26 சதவீதம், 2003-இல் 56 சதவீதம். டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர்வரை 149 நிகழ்ச்சிகளில் ஈட்டிய நுழைவுச்சீட்டு வருமானம் 200 கோடி டாலரைத் தாண்டியது.

இதுவரை பார்த்ததை ஒருமுறை கோத்துக்கொள்வோம். பிரதி எடுக்கும் செலவு பூஜ்யமானதும் பாட்டின் விலை விழுந்தது. பணம் மறைந்துவிடவில்லை, அரிதாக மிச்சமிருந்த இரண்டு பொருள்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒன்று மக்களின் கவனம், மற்றொன்று நேரில் பார்க்கும் இருக்கை. இரண்டும் ஏற்கெனவே புகழ் பெற்றவர் கையில்தான் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு கஞ்சாவுக்குப் போவோம்.

கஞ்சா விலையில் செடி எவ்வளவு, பயம் எவ்வளவு?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும், பேச்சில் எப்போதும் கலந்துவிடுகின்றன. சிறிதளவு வைத்திருந்தவரைக் குற்றவாளியாக நடத்தாமல் விடுவது குற்றநீக்கம். விற்பவர் அப்போதும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். பயிரிடவும் விற்கவும் உரிமம் கொடுத்து, வரி வாங்கி, கடை நடத்த விடுவதுதான் சட்டபூர்வமாக்கல். விலையைத் தலைகீழாக்குவது இரண்டாவதுதான்.

கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் 2012 நவம்பரில் இதற்கு வாக்களித்தார்கள். கொலராடோவில் 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. உருகுவே 2013 டிசம்பரில் சட்டம் இயற்றியது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுக்க அனுமதித்தது. 2023 முடிவில் அமெரிக்காவில் 24 மாநிலங்கள் 21 வயது நிறைந்தவர்களுக்கு அனுமதித்திருந்தன. மத்தியச் சட்டத்தில் மட்டும் 1970 முதல் அது, போதைப்பொருள்களைக் கட்டுப்பாட்டின் கடுமைப்படி பிரித்த பட்டியல்களில் மிகக் கடுமையான, ஹெராயின் இருக்கும் முதல் பட்டியலிலேயே வைக்கப்பட்டது. இந்த முரண்பாடு கட்டுரையின் கடைசிவரை நம்மோடு வரும்.

கஞ்சா ஒரு செடி. தக்க தட்பவெப்பத்தில் பெரிய வயலில் வளர்த்தால் அதற்கு ஆகும் செலவு மற்றப் பயிர்களைவிட அவ்வளவு கூடுதலாக இருக்கக் காரணமில்லை. பிறகு ஏன் தங்கம் போல் விற்றது? பீட்டர் ராய்ட்டர், மார்க் கிளைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதற்கு விடை எழுதினார்கள். சட்டவிரோதப் பொருளின் விலையில் பெரும்பகுதி, அதைக் கைமாற்றுபவர்கள் ஏற்கும் ஆபத்துக்கான கூலி. இதை ஆபத்துக்கூலி என்று வைத்துக்கொள்வோம். சிறைக்குப் போகலாம், சரக்கு பறிபோகலாம், கூட்டாளியே ஏமாற்றலாம். ஏமாற்றினால் காவல் நிலையத்துக்கும் போக முடியாது. செடி வளர்ப்பவரிலிருந்து கடைசியாக வாங்குபவர்வரை ஒவ்வொரு கைமாற்றலிலும் இந்தக் கூலி மேலே ஏறிக்கொண்டே போகும்.

ஆபத்து இன்னொரு வகையிலும் விலையை ஏற்றுகிறது. பிடிபடும் பயத்தில் யாரும் பெரிதாகப் பயிரிட மாட்டார்கள். பூட்டிய அறைக்குள், விளக்கு வெளிச்சத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பார்கள். இயந்திரம் வாங்க வங்கி கடன் தராது. பெரிய அளவில் செய்தால் கிடைக்கும் சிக்கனம் எதுவும் கிடைக்காது. ஆக, வாங்கியவர் கொடுத்த காசில் செடிக்குப் போனது கொஞ்சம், பயத்துக்குப் போனதுதான் நிறைய.

பயம் போனதும் விலையும் போனது

சட்டபூர்வமாக்கிய அன்று அரசு எடுத்தது இந்தப் பயத்தைத்தான். இனி விலை எங்கே நிற்கும்? கொலராடோவில் மொத்தவிலை 2015 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, ஏறக்குறைய 2,000 டாலர். 2023-இல் அது 700 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அங்கே கடைகளின் ஆண்டு விற்பனை 2021-இல் 220 கோடி டாலராக உச்சம் தொட்டு, 2023-இல் 150 கோடிக்கு இறங்கியது.

ஆரிகன் இன்னும் தெளிவான உதாரணம். பயிருக்கு ஏற்ற மண், உரிமத்துக்கும் தட்டுப்பாடு இல்லை. ஆளாளுக்குப் பயிரிட்டார்கள். மாநிலத்தின் மதுக் கட்டுப்பாட்டு ஆணையம் 2019 தொடக்கத்தில் கணக்குப் பார்த்தபோது, கையிருப்பு ஆறரை ஆண்டுத் தேவைக்குப் போதுமானதாக இருந்தது. ஆறரை ஆண்டு! கஞ்சா நெல் போல மூட்டை கட்டி வைக்கும் பொருளல்ல, நாளாக ஆக வீரியம் குறையும். அந்தக் களஞ்சியத்துக்கு முன்னால் கடன் வாங்கிப் பயிரிட்ட ஒருவர் நிற்பதை நினைத்துப் பாருங்கள். விளைச்சல் அமோகம், ஆனால் முதலுக்கே மோசம்.

உரிமத்தை அரிதாக வைத்த இடங்களில் கதை வேறு. இல்லினாய் மாநிலம் 2020-இல் குறைந்த எண்ணிக்கையிலான உரிமங்களோடு தொடங்கியது. விலை உயரமாகவே நின்றது. ஓக்லஹோமா மருத்துவக் கஞ்சாவுக்கு 2,500 டாலர் கட்டணத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்தது. 2,000-க்கும் மேற்பட்ட கடைகள் முளைத்து, 2022-இல் புதிய உரிமங்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பணம் எதைத் தேடிப் போகிறது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. செடி மலிந்த இடத்தில் உரிமக் காகிதம் அரிதாக இருந்தால், லாபம் அந்தக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது. காகிதமும் மலிந்தால் லாபம் ஒட்ட இடமே இல்லை.

ஒரு பவுண்டுக்கு இன்னொரு பவுண்டு ஈடு

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். பாட்டும் மலிந்தது, கஞ்சாவும் மலிந்தது. அங்கே நட்சத்திரம் உருவாகிறார், இங்கே ஏன் உருவாகவில்லை?

ரோசனின் இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறது விடை. உங்களுக்குப் பிடித்த பாடகியின் பாட்டு கிடைக்கவில்லை என்றால் வேறொருவரின் மூன்று பாட்டு தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். அந்தக் குரல் அவரிடம் மட்டுமே இருக்கிறது, பதிப்புரிமையும் காவல் நிற்கிறது. கஞ்சாவில் ரகங்கள் நூறு இருக்கலாம், மணமும் வீரியமும் மாறலாம். ஆனாலும் ஒரு பண்ணையின் சரக்கு விலை ஏறினால் வாங்குபவர் பக்கத்துப் பண்ணையின் சரக்குக்கு மாறிவிடுவார். ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகிவிடும் பொருளுக்குப் பொருளியலில் பண்டம் என்று பெயர். பண்டத்தின் விலை போட்டியில் இறங்கி இறங்கி விளைவிக்கும் செலவைத் தொட்டுத்தான் நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கஞ்சாவின் இறுதிநிலைச் செலவு குறைந்ததே தவிரப் பூஜ்யமாகவில்லை. ஒரு செடியைப் பிரதி எடுத்துக் கோடிப் பேருக்கு அனுப்ப முடியாது. அடுத்த கிராமுக்கு அடுத்த செடி வேண்டும்.

இந்த இரண்டு உலகங்களையும் இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ராப் பாடகர் ஸ்னூப் டாக் 2015 நவம்பரில் தன் பெயரிலேயே ஒரு கஞ்சா வரிசையைக் கொலராடோவில் அறிமுகப்படுத்தினார். பாடகர்கள் பாப் மார்லி, வில்லி நெல்சன் பெயர்களிலும் தயாரிப்புகள் வந்தன. பாட்டில் ஈட்டிய கவனத்தைப் பண்டத்தின் மேல் ஒட்டிப் பார்க்கும் முயற்சி இது, யோசனை தவறானதல்ல. தடைதான் பெரிது. மத்தியச் சட்டம் ஏற்காத பொருளுக்கு மத்திய வணிகக் குறியீட்டுப் பதிவு கிடைக்காது. ஒரு மாநிலத்தில் விளைந்தது இன்னொரு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. நட்சத்திரத்தின் பாட்டு ஒரு நொடியில் எல்லா மாநிலத்துக்கும் போகிறது. அவர் பெயர் ஒட்டிய பொட்டலமோ ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாக விதைத்து, வளர்த்து, அறுக்கப்பட வேண்டும்.

சுருக்கமாக: ஈடு செய்ய முடியாத பொருள் மலிந்தால் பணம் நட்சத்திரத்திடம் போகிறது. ஈடு செய்யக்கூடிய பொருள் மலிந்தால் பணம் வாங்குபவரின் பையிலேயே தங்கிவிடுகிறது. மிச்சத்துக்கு அரசு கை நீட்டுகிறது.

அரசின் பங்கு

அந்தக் கை எவ்வளவு நீளம் என்பதைக் கடைக்காரரின் கணக்கில் பார்ப்போம். 1982-இல் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 280ஈ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள போதைப்பொருளை விற்பவர் தொழில் செலவுகளைக் கழித்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். சரக்கின் கொள்முதல் விலையை மட்டும் கழிக்கலாம். கடத்தல்காரர்களை மனதில் வைத்து எழுதிய இந்தப் பிரிவு, மாநில உரிமத்தோடு கடை வைத்தவர் மேலும் பாய்ந்தது.

100 டாலருக்கு விற்பனை. சரக்குக்கு 60. வாடகை, சம்பளம், மின்சாரம் 30. கையில் நிற்பது 10. வேறு எந்தக் கடையாக இருந்தாலும் அந்த 10-க்கு 21 சதவீத வரி, 2 டாலர் 10 சென்ட். கஞ்சாக் கடைக்கு அந்த 30-ஐக் கழிக்க முடியாது, ஆகவே 40-க்கு வரி: 8 டாலர் 40 சென்ட். மிச்சம் 1 டாலர் 60 சென்ட். வாடகை கொஞ்சம் ஏறினால் நட்டத்துக்கே வரி கட்ட வேண்டிவரும். கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றலாம் என்று அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதம் முன்மொழிந்தபோது, தொழிலில் இருப்பவர்கள் முதலில் பேசியது இந்தப் பிரிவைப் பற்றித்தான்.

கனடாவின் சிக்கல் வேறு வகை. அங்கே உற்பத்தி வரி கிராமுக்கு 1 டாலர், அல்லது விலையில் 10 சதவீதம்; எது கூடுதலோ அது. கிராம் 10 டாலருக்கு விற்கும் என்ற கணக்கில் இரண்டும் ஒன்றுதான். உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் விலை 3 டாலராக விழுந்தபோதும் 1 டாலர் அப்படியே நிற்கிறது, 10 சதவீதமாக இருந்தது 33 சதவீதமாகிவிட்டது. எடைக்கு வரி போட்டால் விலை விழும்போது விவசாயி நசுங்குகிறார். வாஷிங்டன் மாநிலத்தின் 37 சதவீதம் போல விலைக்கு வரி போட்டால், விலை விழும்போது அரசின் வருமானம் இளைக்கிறது. வரியை மிகவும் ஏற்றினால் வாங்குபவர் பழைய கள்ளச் சந்தைக்கே திரும்புகிறார். கலிஃபோர்னியாவில் பாதிக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் கடைக்கே அனுமதி கொடுக்காததால், கள்ளச் சந்தைக்கு அங்கே போட்டிகூட இல்லாத பகுதிகள் நிறைய.

முதலில் சொன்ன என் கவலை இங்கேதான் வருகிறது. ஜொனாதன் கால்கின்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பை அலசி 2024-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, 2022-இல் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் சுமார் 1.77 கோடிப் பேர். அதே அளவுக்கு மது குடிப்பவர்களைவிட இது அதிகம், அவர்கள் 1.47 கோடி. விற்பனையாகும் மொத்த அளவில் பெரும்பகுதி இந்த அன்றாடப் பயனர்களுடையது. விலை விழுந்துகொண்டே போகும் தொழிலில் கடை பிழைக்க ஒரே வழி அளவைக் கூட்டுவது. அளவைக் கூட்ட வேண்டுமென்றால் தினமும் வருபவரை இன்னும் அதிகமாக வாங்க வைக்க வேண்டும். ஒரு ரசிகர் ஒரே பாட்டை நாளுக்கு நாற்பது முறை கேட்டால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. இது அப்படியல்ல. வரி வருமானத்தைப் பெருமையாகப் பேசும் அதிகாரிகள், அது யாரிடமிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் இலுப்பைப்பூ

மத்தியச் சட்டம் மாநில எல்லையை அடைத்து வைத்திருப்பதால், அமெரிக்காவில் கஞ்சாவுக்கு ஒரே சந்தை என்று ஒன்று இல்லை. 24 மாநிலம் என்றால் 24 சந்தை, 24 விலை. மாசசூசெட்ஸின் கடுங்குளிரில் கட்டடத்துக்குள் விளக்குப் போட்டு வளர்ப்பவர், ஆரிகனின் திறந்த வெயிலில் வளர்ப்பவரோடு இன்று போட்டியிட வேண்டியதில்லை. ஒலிப்பதிவு வருவதற்கு முன் ஊருக்கு ஒரு பாடகர் பிழைத்தாரே, அதே நிலை.

ஆலை வரும் நாளுக்காகச் சிலர் இப்போதே காத்திருக்கிறார்கள். மத்திய அரசு அனுமதித்தால் தன் கஞ்சாவைப் பிற மாநிலங்களுக்கு அனுப்பலாம் என்று ஆரிகன் 2019-லேயே சட்டம் இயற்றிவிட்டது. கலிஃபோர்னியாவும் 2022-இல் அதே வழியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எல்லை திறந்தால் வெயிலும் மண்ணும் வாய்த்த மேற்குக் கரையிலிருந்து லாரிகள் கிழக்கே புறப்படும். மாசசூசெட்ஸ் பண்ணையின் மின்கட்டணத்தை இன்றுவரை கட்டிக்கொண்டிருப்பது அந்த எல்லைக்கோடுதான்.